அப்சரஸ் ஆட்டத்துக்கு அப்பால்

கம்போடியக் கலைகள் பற்றிய எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் முதல் பத்தியிலேயே ஓர் எண் வந்து நிற்கும்: கெமர் ரூஜ் ஆட்சியில் கலைஞர்களில் 90 விழுக்காட்டினர் மடிந்தார்கள். அரண்மனை நடனக் குழுவைப் பொறுத்தவரை இது ஏறக்குறையச் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஊர்க் கல்யாணத்தில் வாசித்தவருக்கும், விகாரைத் திருவிழாவில் முகமூடி கட்டி ஆடியவருக்கும், தோல்பாவை வெட்டியவருக்கும் 1975க்கு முன் யார் பேரேடு வைத்திருந்தார்கள்? எண் பொய் என்று சொல்ல வரவில்லை. எவரைக் கலைஞர் என்று எண்ணினோம், எதை மரபு என்று எண்ணினோம் என்பதே இந்தத் துறையில் இன்னும் தீராத வழக்கு.

1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் நோம் பென் கெமர் ரூஜ் கையில் விழுந்தது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை உள்ளே வந்தது. இடைப்பட்ட காலத்தில், 80 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களில் 17 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் வேலைப்பளுவாலும் கொலையாலும் செத்தார்கள். நகரங்கள் காலியாயின, பணம் ஒழிந்தது, பிக்குகளின் காவி களையப்பட்டது. வீட்டில் அடுப்பு மூட்டிக் குடும்பத்தோடு உண்பதுகூடக் குற்றமாயிற்று. இந்த வரலாறு டேவிட் சாண்ட்லர், பென் கியர்னன் போன்றோரின் நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. தமிழில் கம்போடியா என்றால் அங்கோர் வாட்டும் பல்லவர் பெருமையும் தாண்டி நாம் அதிகம் போவதில்லை என்பது வேறு கதை.

மரபுக்கும் அதை அழித்தவர்களுக்கும் இருந்த நெருக்கத்தை ஒரு பெண்ணின் வாழ்க்கை காட்டிவிடும். சியா சாமி சிறுமியாகவே அரண்மனைக்குள் போனவர். விரல்களைப் பின்னோக்கி வளைத்து வளைத்து, அவை மணிக்கட்டை நோக்கி வில்லாக நிற்கும்வரை பழக்கும் பயிற்சியில் வளர்ந்தவர். ஆட்டத்துக்கு முன் உடையை ஆடுபவரின் மேலேயே வைத்துத் தைப்பார்கள். ஆடி முடித்த பிறகுதான் தையலைப் பிரிப்பார்கள். அவர் மணந்துகொண்டது அரண்மனை ஊழியரான லோத் சுவோங்கை. கணவரின் தம்பி சலோத் சார், பள்ளிப் பையனாக அவர்கள் வீட்டில்தான் தங்கிப் படித்தான். பிற்பாடு நகரத்திலிருந்து துரத்தப்பட்டு வயலில் உழைத்துக்கொண்டிருந்த சியா சாமி, பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் தலைவரின் படத்தை மாட்டியபோதுதான் போல் பாட் என்பது யார் என்று தெரிந்துகொண்டார். வீட்டில் வளர்ந்த கொழுந்தன். அவர் பிழைத்தார், நோம் பென்னுக்குத் திரும்பினார், மீண்டும் திறந்த நுண்கலைப் பள்ளியில் 1994இல் இறக்கும்வரை கற்பித்தார். குறிப்பேடு கிடையாது; இருந்ததெல்லாம் அவரைப் போன்ற சிலருடைய உடம்பின் நினைவுதான்.

இந்தக் கதையை ‘அழிவும் மறுமலர்ச்சியும்’ என்ற சட்டகத்தில் மாட்டிவிடுவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். 2003இல் அரச நடனத்தையும் 2005இல் ஸ்பெக் தோம் என்னும் பெருந்தோல்பாவைக் கூத்தையும் யுனெஸ்கோ அங்கீகரித்தது. 2016இல் சாபெய் யாழிசை, 2018இல் ராமர் கதையை ஆடும் லகோன் கோல் என்று பட்டியல் நீண்டது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் அப்சரஸ் நடனமே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அரசி கொசமாக் அங்கோர்ச் சிற்பங்களைப் பார்த்து உருவாக்கச் செய்தது. கெமர்ப் பண்பாட்டின் உச்சம் அங்கோர் என்ற எண்ணமே பிரெஞ்சுக் காலனிக் காலத்தில் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பென்னி எட்வர்ட்ஸ் 2007இல் வந்த நூலில் காட்டியிருக்கிறார். கெமர் ரூஜ் கொடியில் இருந்ததும் அங்கோர் கோபுரங்கள்தான். பிக்குகளை விரட்டியவர்களும் பிறகு பிக்குகளைக் கூட்டிவந்தவர்களும் ஒரே சின்னத்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

கூட்டிவந்ததிலும் கணக்கு இருந்தது. 1979 செப்டம்பரில் ஏழு பேருக்கு, வியட்நாம் துணையுடன் வந்த புதிய அரசே முன்னின்று துறவு கொடுக்கச் செய்தது. ஆனால் ஐம்பது வயதுக்குக் குறைந்த ஆண்கள் துறவு ஏற்க 1980களின் இறுதிவரை தடை. உழைக்கும் கைகளும் துப்பாக்கி பிடிக்கும் கைகளும் அரசுக்கு வேண்டியிருந்தன.

மரபே கொலைக்குத் துணைபோனதா என்று கேட்டவர் மானுடவியலாளர் அலெக்சாண்டர் ஹின்டன். ‘தும் தியாவ்’ காதல் காவியத்தின் முடிவில் மன்னன் குற்றவாளியின் ஏழு தலைமுறையையும் வேரோடு அழிக்கிறான். அப்படி வஞ்சம் தீர்க்கும் பண்பாட்டு வார்ப்பைக் கட்சி எடுத்தாண்டது என்பது அவர் வாதம். அவர் நூல் நுட்பமானதுதான். இருந்தாலும் எனக்கு இதில் தயக்கம் உண்டு. பழிவாங்கும் காவியம் இல்லாத நாடு எது? அமெரிக்கக் குண்டுவீச்சு, ஐந்தாண்டு உள்நாட்டுப் போர், ரகசியத்தில் வெறிகொண்ட ஒரு கட்சி ஆகியவற்றைக் கழித்துவிட்டால் காவியம் தனியாக யாரையும் கொல்லாது.

மரபு என்று பேசும்போது சாம் முஸ்லிம்கள் விடுபட்டுப்போவது இன்னும் பெரிய குறை. 1975இல் குர்ஆன்களைப் பறிக்கத் தொடங்கியபோது மீகாங் கரையில் கோ பால், ஸ்வே க்லியாங் ஊர்க்காரர்கள் வாளும் அரிவாளும் எடுத்து எதிர்த்து நின்றார்கள், அழிக்கப்பட்டார்கள். அதை ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்தவர் இசா ஒஸ்மான். சட்டம் இந்த இடத்தில் கலை வரலாற்றைவிட நேராகப் பார்த்தது. ஐ.நா. துணையுடன் அமைந்த நீதிமன்றம் 2018 நவம்பரில் இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது சாம்களுக்கும் வியட்நாமியருக்கும் நடந்ததைத்தான். பெரும்பான்மைக் கெமர்களின் சாவு மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற வகையில் வந்தது.

அதே வழக்கில் கட்டாயத் திருமணமும் குற்றமாகத் தீர்க்கப்பட்டது. கமுகம்பூ வைத்து, மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டி, உறவெல்லாம் கூடிச் செய்யும் கல்யாணத்தை ஒழித்துவிட்டு, முன்பின் அறியாத ஜோடிகளை வரிசையில் நிறுத்தி ‘அங்கார்’ என்ற அமைப்பின் பேரில் உறுதிமொழி சொல்லவைத்தார்கள். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டங்களில் ஒன்றாக, இந்தக் கதையையே சோபிலின் சியாம் ஷப்பீரோ செவ்வியல் நடனமாக்கினார். பெயர் கமுகம்பூ. அப்சரஸ் புன்னகைக்கே பழகிய அந்த உடல்மொழி இதைத் தாங்குமா என்று கேட்டவர்களுக்கு மேடையே பதில் சொன்னது.

இருந்தும் என் பார்வையில் இந்தத் துறையின் சிறந்த வேலை மேடையைப் பற்றியதல்ல, செத்தவர்களைப் பற்றியது. நம் மகாளய பட்சத்தின் அதே தேய்பிறையில்தான் கெமர்களின் ப்சும் பென் வருகிறது. ஊசித்துளை வாய் கொண்ட பிரேதங்கள் அப்போது பசியோடு வெளியே விடப்படுகின்றன. வெளிச்சம் ஆகாது என்பதால் விடியலுக்கு முன் எள் கலந்த ஒட்டரிசி உருண்டைகளை விகாரையைச் சுற்றி இருட்டில் எறிவார்கள். ஏழு விகாரைகள் போயும் தன் வீட்டாரின் சோறு கிடைக்காவிட்டால் அந்த ஆவி சபிக்கும். எங்கே செத்தார், என்றைக்குச் செத்தார் என்று தெரியாத லட்சக்கணக்கானோருக்கு, நாள் தெரிய வேண்டிய அவசியமில்லாத இந்தச் சடங்கு பொருந்திப்போனது.

மானுடவியலாளர் ஆன் ஈவோன் கியூ பூர்சாத் மாகாணத்தில் கண்டது இன்னும் வியப்பு. புதைகுழிகளில் கிடப்பவர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் எதுவும் வேண்டாமலே, ஊர்க்காவல் தெய்வமான நெயாக் தாவின் ஆட்சிக்குள் அவர்களைச் சேர்த்துவிட்டார்கள் கிராமத்தார். அந்த வட்டாரத்தின் பெரிய தெய்வமே க்லியாங் மோங். சியாம் படையை வெல்ல ஆவிப்படை திரட்டக் குழியில் குதித்து உயிர்விட்ட தளபதி. குழிக்குள் போனவர்கள் மண்ணின் பலமாவார்கள் என்ற கதை ஏற்கெனவே அங்கே இருந்தது. அரசு சொன்ன நினைவும் இந்த நினைவும் ஒன்றையொன்று பொருட்படுத்தவில்லை.

சுயெங் எக் கொலைக்களம் இதற்கு நேரெதிர். 1988இல் எழுப்பிய கண்ணாடித் தூபியில் மண்டையோடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை எரித்து ஆன்மாக்களை அனுப்பிவையுங்கள் என்று மன்னர் சிஹானுக் திரும்பத் திரும்பக் கேட்டார். வழக்குக்குச் சாட்சியம் என்று சொல்லிப் பிரதமர் ஹுன் சென் அரசு மறுத்தது. 2022 செப்டம்பரில் கடைசி மேல்முறையீடும் முடிந்துவிட்டது. சாட்சியம் என்ற காரணம் இனி இல்லை. 2025 ஜூலையில் சுயெங் எக், துவோல் ஸ்லெங் சிறை, எம்-13 சிறை மூன்றையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. நடனத்துக்குக் கிடைத்த அதே மரபு அங்கீகாரம் இப்போது எலும்புகள் இருக்கும் இடத்துக்கும் கிடைத்துவிட்டதால், எரிக்கச் சொல்லிக் கேட்பது முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது.