வண்டலூர் பானெட்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானெட் விலைக்கு வந்தால், பெயின்ட்டில் மயங்காதீர்கள். குனிந்து மட்கார்டின் உள்விளிம்பைத் தடவுங்கள். மாமல்லபுரம் பக்கம் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்று அங்கே தின்றிருக்கும். பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹெரால்ட், 1961 முதல் வண்டலூரில் (இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம்) ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை தயாரித்த கார். உருவம் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியுடையது. மட்கார்டு, விளக்கு எல்லாம் ஒட்டியபடி பானெட் முழுசாக முன்பக்கம் சாயும், முதலை வாய்போல. மெக்கானிக் டயர்மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். 1962-இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்ததுதான். பானெட்டும் அதே பாணி.

இப்படிப்பட்ட பானெட்டைப் போய் பழைய இரும்பாக எடைக்குப் போடுவது பாவம். விற்பவர் பானெட்டின் கீலையும் சேர்த்தே கொடுக்கட்டும். கீல் இல்லாவிட்டால் வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார், நியாயமாகவே.