மெல்லப் பாடி வென்ற பந்துவீச்சாளர்

1960 மார்ச் மாதத்து பில்போர்டு ஹாட் 100 பட்டியலை எடுத்துப் பாருங்கள். ராக் அண்ட் ரோல் அமெரிக்க இளைஞர்களை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த காலம். எல்விஸ் பிரெஸ்லி ராணுவ சேவையை முடித்து நாடு திரும்பியதும் அதே மாதம்தான். ஆனால் பட்டியலின் முதல் இடத்தில் இருந்தது பெர்சி ஃபெய்த் இசைக்குழுவின் 'தீம் ஃப்ரம் எ சம்மர் பிளேஸ்'. வயலின்கள் அலையலையாக வந்துபோகும் வாத்திய இசை அது. அதற்கு அடுத்த இடத்தில் ஜிம் ரீவ்ஸ், 'ஹீல் ஹேவ் டு கோ'. நாட்டிலேயே அதிகம் விரும்பப்பட்ட இரண்டு இசைத்தட்டுகளும் சத்தம் போடாதவை.

இந்த வகை இசைக்கு 'ஈசி லிசனிங்' என்று பெயரிட்டு 1961-இல் பில்போர்டு தனிப் பட்டியலே தொடங்கியது. அன்று முதல் விமர்சகர்கள் இதைச் சற்று கீழே வைத்தே பேசிவருகிறார்கள். லிஃப்டிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் ஒலிக்கிற இசை, ஆழமில்லாத இனிப்பு என்கிறார்கள். கேட்பதற்குச் சுகமாக இருப்பதால் பாடியவருக்குச் சிரமமே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஜிம் ரீவ்ஸின் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்தால் அந்த எண்ணம் நிற்காது.

ஆட்டம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரீவ்ஸ் முதலில் விளையாட்டு வீரர். 1923-இல் டெக்சாஸ் மாநிலத்தின் கேலோவே என்ற சிற்றூரில் பிறந்தவர். பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சர். செயின்ட் லூயி கார்டினல்ஸ் அணி தன் கீழ்நிலைக் குழுக்களில் ஒன்றுக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. சில ஆண்டுகள் ஆடினார். காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பில் ஏற்பட்ட காயம் அந்த வாழ்க்கையை முடித்துவைத்தது. விளையாட்டு உதவித்தொகையில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் போனபோது அவர் எடுத்த பாடம் பேச்சும் நாடகமும். சில வாரங்களில் படிப்பை விட்டுவிட்டார் என்றாலும் அந்த ஆர்வம் விடவில்லை. காயத்துக்குப் பிறகு வானொலி அறிவிப்பாளரானார். மைக்கின் முன்னால் எப்படி உட்கார வேண்டும், ஒரு சொல்லை எப்படி முழுதாக உச்சரித்து முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பாடகராகும் முன்பே அவர் கையில் இருந்தது. பின்னாளைய வெற்றியின் பாதி அங்கே தயாரானது என்பது என் கணிப்பு.

அவருடைய முதல் வெற்றிகளைக் கேட்டால் இவரா அவர் என்று வியப்பீர்கள். 1953-இல் வந்த 'மெக்ஸிகன் ஜோ'வும் அதைத் தொடர்ந்த 'பிம்போ'வும் துள்ளல் பாட்டுகள். குரலை உயர்த்தி, உரக்க, வேடிக்கையாகப் பாடியிருக்கிறார். இரண்டும் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவை. ஜெயித்துக்கொண்டிருக்கும் உத்தியை யாரும் எளிதில் மாற்ற மாட்டார்கள். ரீவ்ஸ் மாற்றினார். 1957-இல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டைப் பதிவு செய்தபோது உதடுகளை ஏறக்குறைய மைக்கில் வைத்துக்கொண்டு, சத்தத்தைப் பெரிதும் குறைத்துப் பாடினார். ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அவர் பக்கம் நின்றார். பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பொதுப் பட்டியலில் 11-ஆம் இடத்தையும் தொட்டது.

இந்த மாற்றத்தின் நுட்பத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து ஒலியைக் கூடுதலாக வாங்கும் மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. வாய் நெருங்க நெருங்க மந்திர ஸ்தாயி தடித்துக் கேட்கும். இயல்பிலேயே கனமான ரீவ்ஸின் குரலுக்கு அது இன்னும் ஒரு சுற்று ஆழம் கொடுத்தது. ஆனால் அதே நெருக்கம் பாடகரை எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். மூச்சு இழுப்பது கேட்கும், 'ப' எழுத்து வெடிக்கும், அரை இழை சுருதி விலகினாலும் தெரியும். உரக்கப் பாடுகிறவர் தடுமாற்றத்தை ஓசையில் மறைத்துவிடலாம். கிசுகிசுக்கிறவருக்கு மறைவிடம் கிடையாது. குறைந்த ஒலியில் ஒரு நீண்ட கார்வையை அசையாமல் பிடிப்பதற்கு, உச்சத்தில் பிடிப்பதைவிட அதிக மூச்சுக் கட்டுப்பாடு வேண்டும். பாட்டுப் பயிற்சி உள்ள எவரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

நமக்கும் இது தெரிந்த கதைதான். கிட்டப்பா காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்டாக வேண்டும், ஆகவே உச்ச ஸ்தாயியே பாடகரின் மூலதனம். மைக் வந்த பிறகுதான் ஏ.எம். ராஜாவுக்கும் பி.பி. ஸ்ரீநிவாஸுக்கும் இடம் பிறந்தது. கூட்டத்துக்குப் பாடிய குரல், ஒரே ஒரு ஆளுக்குப் பாடத் தொடங்கியது.

ரீவ்ஸின் உச்ச ஆட்டம் 'ஹீல் ஹேவ் டு கோ'. 1959 அக்டோபரில் நாஷ்வில்லில் பதிவானது. ஜோ, ஆட்ரி அல்லிசன் தம்பதி எழுதியது. வேறொரு பாடகர் முன்பே பாடி, எடுபடாமல் போன பாட்டு. ரீவ்ஸ் தட்டிலும் அது இரண்டாம் பக்கம். முதல் பக்கத்துக்கு நிறுவனம் தேர்ந்தெடுத்தது வேறு பாட்டை. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், பாட்டு பற்றிக்கொண்டது. கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடம்.

பாட்டின் சூழலைக் கவனியுங்கள். மதுக்கடை ஒன்றிலிருந்து ஒருவன் காதலிக்குத் தொலைபேசியில் பேசுகிறான். மறுமுனையில் அவளோடு இன்னொருவன் இருக்கிறான். இவன் கத்த முடியாது, கத்தினால் தோற்றான். அவள் ரிசீவரைக் காதோடு ஒட்டி வைத்தால்தான் இவன் சொல்வது கேட்கும். மைக்கை நெருங்கிப் பாடும் ரீவ்ஸின் உத்திக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமையாது. கேட்பவர் தானாகவே அந்த ரிசீவரைப் பிடித்திருக்கும் ஆளாகிவிடுகிறார். பொறாமை, அவமானம், கெஞ்சல் எல்லாம் பாட்டில் இருக்கின்றன. குரல் எதையும் உடைத்துக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வரியும் கீழே இறங்கி முடியும் இடத்தில் அவர் அவசரப்படாமல் நின்றுவிட்டுப் போகிறார். பியானோவில் ஃப்ளாய்ட் கிரேமர். வரிகளுக்கு நடுவே நாலைந்து ஸ்வரம் தொட்டு விலகுவதோடு சரி. அனிதா கெர் குழுவின் பின்னணிக் குரல்கள் தூரத்தில் நிற்கின்றன. அந்த அறையில் இருந்த எல்லாருக்குமே எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. முழுப் பாட்டும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. ஃபிடிலையும் ஸ்டீல் கிடாரையும் ஒதுக்கி, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டுவந்த இந்த 'நாஷ்வில் சவுண்ட்', கன்ட்ரி இசையின் மண்வாசனையைத் துடைத்துவிட்டது என்று அன்றே பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ரீவ்ஸின் சில தட்டுகளில் பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு குறைவு. வேகமான நடையில் அவரிடம் பொறி பறப்பதில்லை. ஆனால் காதலின் ஏக்கத்தை மரியாதையோடு சொல்லும் மெதுவான பாட்டில் அவரை மிஞ்சியவர் அவர் காலத்து நாஷ்வில்லில் இல்லை.

கடல் தாண்டி அவர் பெற்ற வரவேற்பு இன்னொரு தனி அத்தியாயம். தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பாடினார், ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் பதிவு செய்தார், அங்கே 'கிம்பர்லி ஜிம்' என்ற படத்திலும் நடித்தார். நார்வே, நைஜீரியா, இந்தியா, இலங்கை என்று ரசிகர்கள் பரவினார்கள். 1963-இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் இசைத்தட்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் மாதத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. இதற்கு நான் காணும் முதல் காரணம் உச்சரிப்பு. அவர் பாட்டில் ஒரு சொல்கூடத் தேய்வதில்லை. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவரும் முதல் முறையிலேயே கதையைப் பிடித்துக்கொள்ளலாம். அறிவிப்பாளர் நாற்காலியில் கற்ற ஒழுக்கம் அது. இரண்டாவது, தாத்தா முதல் பேரன் வரை ஒரே அறையில் கூச்சமின்றிக் கேட்கக்கூடிய காதல் அவருடையது.

1964 ஜூலை 31 அன்று, சிறு விமானத்தைத் தானே ஓட்டிவந்த ரீவ்ஸ் நாஷ்வில் அருகே புயல் மழையில் சிக்கி விழுந்து இறந்தார். உடன் வந்த பியானோ கலைஞர் டீன் மேனுவலும் இறந்தார். ரீவ்ஸுக்கு வயது 40. இரண்டு ஆண்டு கழித்து 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' வெளியான அதே 1966-இல், அவர்களுடைய நாட்டிலேயே, உயிரோடு இல்லாத ஒருவர் மெல்லப் பாடி மேலே நின்றார். 1967-இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

மறைவுக்குப் பின் அவர் குரலின் மேல் புதிய வாத்தியங்களைப் பூசி வெளியிட்ட தட்டுகள் ஏராளம். 1963-இல் அதேபோல் விமான விபத்தில் இறந்த பாட்ஸி கிளைனின் குரலையும் இவர் குரலையும் பழைய நாடாக்களிலிருந்து பிரித்தெடுத்து, 1981-இல் இருவரும் சேர்ந்து பாடியதுபோல் ஒரு ஜோடிப் பாட்டும் செய்தார்கள். தொழில்நுட்பச் சாதனைதான். ஆனாலும் ரீவ்ஸின் பலமே பாட்டில் அவர் விட்டுவைத்த வெற்றிடம். அதை நிரப்பியது அவருக்குச் செய்த உதவியாக எனக்குப் படவில்லை.

ஆகவே புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுப்புகளை வாங்கும் முன் பதிவான ஆண்டைப் பாருங்கள். 1957 முதல் 1964 வரை அவர் இருந்தபோது வெளிவந்த மூலப் பதிவுகளைத் தேடிப் பிடியுங்கள். 'ஃபோர் வால்ஸ்' முதலில், 'ஹீல் ஹேவ் டு கோ' அடுத்து, 'வெல்கம் டு மை வேர்ல்ட்' மூன்றாவதாக. ஒலியைக் கூட்டாமல் கேளுங்கள்.