பதின்மூன்றில் ஒன்பது போனால்

ஜப்பானில் முதல் வகுப்புக் கணக்குப் பாடத்தை ரசிக்க அந்த மொழி தெரிய வேண்டியதில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும். 45 நிமிடத்துக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான்: மரத்தில் 13 பழம், 9 பறித்தாயிற்று, மீதி எத்தனை? வழியை ஆசிரியர் சொல்வதில்லை.

அது ஏன் 9? கைவண்ணமே அங்கேதான் இருக்கிறது. 3-இலிருந்து 9 போகாது. தவிக்கிற பிள்ளையின் கண் பத்தின் மேல் விழுகிறது. பத்தில் ஒன்பது போனால் 1, ஒதுக்கி வைத்த 3-ஐச் சேர்த்தால் 4. ஒன்பது பத்தை ஒட்டி நிற்பதால்தான் இந்த வழி தானாகத் தோன்றுகிறது. அதே இடத்தில் 12-இலிருந்து 3 என்று கேட்டிருந்தால் பாடமே வேறு: முதலில் 2 போய் 10, இன்னும் ஒன்று போய் 9. ஆசிரியர் வாய் திறக்கவில்லை, எண் பேசிவிட்டது.

பிள்ளைகள் போடும்போது அவர் பெஞ்சுகளுக்கிடையே நடக்கிறார். யார் எந்த வழியில் போகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். சரி, தப்பு எதுவும் சொல்வதில்லை. சும்மா உலாத்துவதுபோல் தெரியும். உண்மையில், கச்சேரிக்கு உருப்படிகளை வரிசைப்படுத்தும் வித்வானின் வேலை அது. விரல்விட்டு ஒவ்வொன்றாகக் குறைத்த பிள்ளை முதலில் பலகைக்கு வரும். பத்தை உடைத்தவள் பிறகு. வரிசை மாறினால் சுவாரசியம் போய்விடும்.

பலகையில் இடப்பக்கம் கேள்வி, நடுவில் பிள்ளைகளின் வழிகள், வலக்கோடியில் வகுப்பு கண்டது. பாடம் முடியும்வரை பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. 'பான்ஷோ' எனப்படும் இந்தப் பலகை எழுத்தை ஆசிரியர்கள் ஒரு கலையாகவே பழகுகிறார்கள். ஒருவர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் சுவரோரம் நின்று கவனித்து, பிறகு உட்கார்ந்து அலசுவதும் அங்கே நெடுநாள் வழக்கம். ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எட்டாம் வகுப்புப் பாடங்களின் வீடியோக்களை ஆராய்ந்து 1999-இல் 'தி டீச்சிங் கேப்' என்ற நூலை எழுதிய பிறகு அமெரிக்காவும் இதை ஆர்வத்தோடு பார்த்தது.

பார்த்துப் பழகுவது சுலபமில்லை. ஆளுக்கொரு வழியைச் சொல்லவைத்து, எல்லாவற்றுக்கும் கைதட்டி அனுப்பிவிடும் வகுப்புகளும் உண்டு. வெறும் அணிவகுப்பு அது. வழிகளை மோதவிட்டால்தான் பாடம் சூடுபிடிக்கும். பத்தை உடைத்தவள் ஜெயித்துவிட்டதாக வகுப்பே நம்பும் நேரத்தில், தேர்ந்த ஆசிரியர் அடுத்த கணக்கை எழுதுகிறார்: 13-இலிருந்து 4. இப்போது 3-ஐ முதலில் கழித்து, இன்னும் ஒன்றைக் கழித்த பையன் முந்திக்கொள்கிறான். பெஞ்சுகளில் மறுபடி சண்டை.