ஒகினாவாவில் ஒரு கடலோர ரிசார்ட்: தங்கி ரசிப்பது எப்படி?

பெரிய கடலோர ரிசார்ட்டில் அறை எடுத்துவிட்டு, காலை எட்டு மணிக்கே வண்டியேறி ஊர் சுற்றப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். இரவு வந்து படுத்து எழ அவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு? ஜப்பானின் தெற்குக் கோடியிலுள்ள ஒகினாவாவுக்குப் போகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். ஒரு முழு நாளாவது ஹோட்டலை விட்டு நகராதீர்கள். அந்தக் கட்டடம் காற்றையும் வெளிச்சத்தையும் கடலையும் உங்கள் முன் கொண்டுவந்து வைப்பதற்காக யோசித்து யோசித்துக் கட்டப்பட்டது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், கொடுத்த காசுக்கு இரண்டு மடங்கு கிடைக்கும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். ஒகினாவா ஏறத்தாழ 26 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. தீவுகளின் மேற்கே கூரோஷியோ என்ற வெந்நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் டோக்கியோ குளிரில் நடுங்கும் ஜனவரியிலும் இங்கே கடல்நீர் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. பெரிய ரிசார்ட்டுகள் பலவும் முதன்மைத் தீவின் மேற்குக் கரையில், ஓன்னா கிராமத்தை ஒட்டி, 58ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரமாக வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 27 ஆண்டுகள் அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒகினாவா, 1972 மே 15 அன்று ஜப்பானிடம் திரும்பியது. 1975இல் வடக்கே மொதோபுவில் கடலைக் கருப்பொருளாக வைத்து ஒரு சர்வதேசக் கண்காட்சி நடந்தது. அதை எதிர்பார்த்துக் கிளம்பிய கட்டுமான வேகத்தில் பிறந்ததுதான் இந்த ரிசார்ட் கரை.

அதே 1975இல் திறந்த மூன் பீச் ஹோட்டலைப் பார்த்தால் கட்டடம் படிக்கும் கலை சுலபமாகப் பிடிபடும். வடிவமைத்தவர் ஒகினாவாக்காரரான கொகுபா யுகிஃபுசா. பிற்காலத்தில் சுராவுமி அக்வேரியத்தை உருவாக்கியவரும் அவர்தான். பிறைநிலா வடிவக் கடற்கரைக்குப் பின்னால், கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்திவிட்டுத் தரைத்தளத்தைத் திறந்தே விட்டுவிட்டார். கடற்காற்று அடியில் புகுந்து, நடுவிலிருக்கும் திறந்த கூடத்தில் ஏறி, மாடி மாடியாகத் தொங்கும் கொடிகளை அசைத்துவிட்டுப் போகும். அறைக்கு வெளியே உள்ள நடைகூடங்களிலும் ஏசி கிடையாது, காற்றுதான். ஈரமும் வெக்கையும் மிகுந்த தீவில் மனிதன் வாழ வேண்டியது நிழலிலும் காற்றிலும்தான் என்று தெரிந்த ஒருவருடைய வேலை அது.

வேறு எந்த ஹோட்டலுக்குப் போனாலும் இந்தக் கேள்விகளோடு உள்ளே நுழையுங்கள்: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? வெயில் எங்கே நிறுத்தப்படுகிறது? கடல் முதன்முதலில் எந்த இடத்தில் கண்ணில் படுகிறது? வாசலில் இறங்கியதும் கடல் தெரியாமல், சுவரைச் சுற்றியோ படி இறங்கியோ வந்தபின் சட்டென்று திறந்துகொண்டால், அது தற்செயல் இல்லை. நாகோ பக்கம் 1997இல் திறந்த புசேனா டெரஸ் ஹோட்டலின் லாபி கடலை நோக்கித் திறந்திருக்கும். சுவர்களில் பூ வடிவத் துளைகளுடைய சிமென்ட் பிளாக்குகளைப் பார்ப்பீர்கள். போருக்குப்பின் மரவீடுகள் போய் கான்கிரீட் வந்தபோது, வெயிலை மறைத்துக் காற்றை விடுவதற்காக ஒகினாவா முழுக்கப் பரவியவை இவை. நம் ஊர்ப் பழைய வீடுகளின் சிமென்ட் ஜாலி தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மாலை நாலு மணி வெயிலில் அவற்றின் நிழல் தரையில் நீளும். அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அறை விஷயத்தில் என் கருத்து தெளிவு. மாடி ஏற ஏற வாடகையும் ஏறும், முடிந்தால் கொடுத்துவிடுங்கள். உயரத்திலிருந்துதான் கடலின் வரைபடம் தெரியும். கரையை ஒட்டி வெளிர்பச்சையாகத் தெரிவது மணல் படுகை. அந்த மணல் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அது உடைந்த பவளமும் சிப்பியும் என்பதுதான். ஆங்காங்கே பழுப்புத் திட்டுகள் பவளமோ கடற்புல்லோ. இன்னும் தள்ளி, ஒரு வெள்ளைக் கோடு போல அலைகள் உடைகின்றனவே, அதுதான் பவளத்திட்டின் விளிம்பு. அதற்கப்பால் கடல் திடீரென்று கருநீலமாகிவிடும். விளிம்புக்கும் கரைக்கும் நடுவிலுள்ள அமைதியான நீரை ஒகினாவாவில் ‘இனோ’ என்கிறார்கள். பல தலைமுறைகளாகக் கரையோரக் குடும்பங்களுக்குச் சிப்பியும் பாசியும் நண்டும் கொடுத்து வந்த நீர் அது. ரிசார்ட் விருந்தினர் மிதப்பதும் பெரும்பாலும் அதில்தான்.

நேரம் முக்கியம். இந்தக் கரை மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். ஆகவே ஒன்பது மணியிலிருந்து நண்பகல் வரைதான் நிறங்கள் முழுதாகத் தெரியும். பிற்பகலில் எதிர்வெயில் பட்டு, கடல் வெறும் தகடாக மின்னும். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே ஓடுவதற்குமுன் பால்கனியில் அரை மணி நேரம் நில்லுங்கள். வெள்ளைக் கோடு எங்காவது அறுந்து, அந்த இடத்தில் அலை உடையாமல் இருண்டு கிடந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அலைகள் திட்டைத் தாண்டி உள்ளே கொட்டும் தண்ணீர் வெளியேறும் வாசல் அது. கடல் வற்றும்போது அங்கே இழுப்பு பலமாக இருக்கும். நன்றாக நீந்துகிறவர்களையும் அது வெளியே கொண்டுபோய்விடும். ஹோட்டல் கட்டியிருக்கும் மிதவைக் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். கோடையில் ‘ஹாபு குராகே’ என்ற நச்சு ஜெல்லிமீன் கரைக்கு வரும். அதற்காகத்தான் வலை கட்டி, கரையில் வினிகர் புட்டி வைத்திருக்கிறார்கள்.

பயணத் தேதியைக் குறிக்குமுன் நம் வீட்டு நாட்காட்டியைப் புரட்டுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். வசந்த காலத்தில் பெரிய வற்றம் நண்பகலை ஒட்டி வருகிறது, குளிர்காலத்தில் இரவில். சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், ‘ஹமாஊரி’ என்று ஒகினாவாப் பெண்கள் கடலுக்கு இறங்கிக் கால் நனைத்துத் தூய்மைப்படுத்திக்கொள்வதும் சிப்பி பொறுக்குவதும் வழக்கம். அமாவாசை கழிந்த அந்த நாளில் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருக்கும். நேற்று நீந்திய இடத்தில் இன்று நடக்கலாம். குட்டைகளில் நீல நட்சத்திர மீன், கறுத்த கடல் அட்டை, கல்லிடுக்கில் பாயும் சிறு மீன்கள் என்று ஒரு மணி நேரம் போவது தெரியாது. கெட்டியான அடியுள்ள செருப்பு கட்டாயம் வேண்டும். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அழகான கூம்புச் சங்கைக் கண்டால் தொடவே தொடாதீர்கள். அதன் நஞ்சால் ஒகினாவாவில் உயிர் போயிருக்கிறது. தண்ணீர் திரும்பத் தொடங்குமுன் கரையேறிவிடுங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் ஏங்க வேண்டாம். புசேனா முனையில் நீண்ட பாலத்தின் முடிவில் ஒரு கடலடிக் கோபுரம் உண்டு. படியிறங்கிப் போனால் வட்ட ஜன்னல்களுக்கு வெளியே மீன்கள். அக்வேரியத்தில் மீன்தான் கண்ணாடிக்குள் இருக்கும், இங்கே நாம்.

பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி ஒகினாவாப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. மழையில் அடித்துவரும் செம்மண் இன்னொரு எதிரி. ஓன்னா கிராமம் 2018இல் தன்னைப் ‘பவளக் கிராமம்’ என்று அறிவித்துக்கொண்டது. மீனவர்கள் பவளக் கன்றுகளை வளர்த்து நடுகிறார்கள். சன்ஸ்கிரீனைத் தவிர்த்து முழுக்கைச் சட்டையோடு தண்ணீரில் இறங்குவது நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை.

இனி காலைச் சாப்பாடு. பெரிய ரிசார்ட்டின் பஃபே கூடத்தில் நம்மவர்கள் ரொட்டியும் முட்டையும் எடுத்துவிட்டு நகர்வதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. நேரே உள்ளூர் உணவு வைத்திருக்கும் மூலைக்குப் போங்கள். பாகற்காயை டோஃபுவோடும் முட்டையோடும் வதக்கிய ‘கோயா சம்புரு’ இருக்கும். ஒகினாவாப் பாகற்காய் கொழுத்துப் பச்சையாக இருக்கும். வெல்லமும் புளியும் சேர்த்துக் கசப்பை அடக்கும் வழக்கம் அங்கே இல்லை, கசப்பு கசப்பாகவே வரும். ‘மொசுகு’ என்ற வழவழப்பான கடற்பாசி காடியில் ஊறிக் கிடக்கும். ஜப்பானில் விளையும் மொசுகுவில் 90 சதவீதத்துக்கு மேல் ஒகினாவாவுடையது. உங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஆழமில்லாக் கடலில் வலை விரித்து வளர்ப்பதுதான் அது. பச்சை மணிமணியாக ‘உமிபுதோ’ என்ற கடற்பாசி இருந்தால் விடாதீர்கள். தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் சாற்றை அதன் மேல் ஊற்றினால் சுருங்கிவிடும். தொட்டுத்தான் சாப்பிட வேண்டும். பல்லில் பட்டதும் மணிகள் பட் பட்டென்று உடைந்து உப்புநீர் பரவும். வேர்க்கடலைப் பாலில் செய்த ‘ஜீமாமி’ டோஃபு குழந்தைகளுக்குப் பிடிக்கும். கடைசியில் மல்லிகை மணக்கும் ‘சன்பின்’ தேநீர்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: காய்கறிப் பதார்த்தத்திலும் காய்ந்த மீன் சாறு இருக்கும், சம்புருவில் பன்றி இறைச்சி கலந்திருக்கும். அறை பதியும்போதே ஜப்பானிய மொழியில் எழுதிக் கேட்டுவிடுங்கள். போன பிறகு கேட்டால் சமையல்காரருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

மாலையில் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும். ஜூன் கடைசியில் ஏழரைக்குச் சற்று முன்னால். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் முடிந்துவிடும். இரவு உணவு நேரத்தை இதை வைத்துத்தான் பதிய வேண்டும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்குக் குளிக்கப் போகிறவர் சூரிய அஸ்தமனத்தை இழந்துவிடுவார். சூரியன் போனதும் எழுந்துவிடாதீர்கள். அடுத்த இருபது நிமிடம்தான் வானம் நன்றாகச் சிவக்கும்.

ஹோட்டல் வேலியைத் தாண்டியும் ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்தக் கரையின் இன்னொரு பக்கம் அங்கே இருக்கிறது. யோமிதான் என்ற ஊரில் 1994இல் திறந்த நிக்கோ அலிவிலா ஹோட்டலின் கடற்கரைக்குக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அதே யோமிதானையும் பக்கத்து ஊர்களையும் ஒட்டிய கரைகளில்தான் 1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை இறங்கியது. முதல் நாளிலேயே சுமார் 60,000 பேர். அந்த ஊரில் இரண்டு குகைகள் உண்டு. சிபிசிரி குகையில் ஒளிந்திருந்தவர்களில் 80 பேருக்கு மேல், பிடிபட்டால் என்ன ஆகுமோ என்ற பீதியில் தங்களையும் பிள்ளைகளையும் மாய்த்துக்கொண்டார்கள். ஷிமுகு குகையில் சுமார் ஆயிரம் பேர் பிழைத்தார்கள். ஹவாயில் வாழ்ந்து திரும்பிய இருவர் வெளியே போய் அமெரிக்கர்களிடம் பேசியதுதான் காரணம். சிபிசிரிக்கு உள்ளே போகக் கூடாது என்பது இறந்தவர்களின் குடும்பத்தார் வேண்டுகோள். வாசலில் நின்று வணங்கிவிட்டுத் திரும்பலாம். பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேல் ராணுவ விமானம் இரைந்துகொண்டு போகக்கூடும். தீவின் நிலத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் இன்றும் அமெரிக்கத் தளங்கள். இதெல்லாம் தெரிந்தபின் விடுமுறை கெட்டுப்போகும் என்று நான் நினைக்கவில்லை. நிற்கிற மண் எதுவென்று தெரிந்து நிற்பது நல்லது.

கடற்கரை, ஹோட்டலின் சொத்து இல்லை. கரையை எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று 1990இலேயே ஒகினாவா மாகாணம் விதி செய்தது. குடைக்கும் குளியலுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும்தான் கட்டணம். ஞாயிறு மாலை உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு வருவார்கள். பலர் உடுத்திய துணியோடே தண்ணீரில் இறங்குவார்கள். நம் பெண்களுக்கு அதைப் பார்த்ததும் தயக்கம் போய்விடும்.

எப்போது போகலாம்? மே தொடக்கத்திலிருந்து ஜூன் பிற்பகுதி வரை மழைக்காலம். அது ஓய்ந்த உடனே வரும் இரண்டு வாரம் அருமை. ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் பயம். விமானம் நின்றால் ஓரிரு நாள் அடைந்து கிடக்க வேண்டிவரும். என் தேர்வு அக்டோபர் கடைசி: தண்ணீர் இன்னும் சூடு, கூட்டம் குறைவு. ஏப்ரல் கடைசி விடுமுறை வாரத்தில் போகவே வேண்டாம், ஜப்பான் முழுவதும் அங்கே இருக்கும். நாஹா விமான நிலையத்திலிருந்து ஹோட்டல்களுக்கே நேராகப் பேருந்து உண்டு. ஓன்னாவுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது மூன்று இரவு பதியுங்கள். வற்றம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் பதினொன்றுக்கு வற்றிய கடல் மூன்றாம் நாள் பன்னிரண்டரைக்கு மேல்தான் வற்றும். முதல் நாள் பார்த்துக் குறித்துவைத்த குட்டைக்கு மூன்றாம் நாள் போகும்போது, எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று யாரையும் கேட்காமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.