பழைய இரும்பு

வீட்டில் ஜிம் வைக்கப் போகிறவர்கள் இரும்பைப் பழசாகவே வாங்கலாம். டிரெட்மில் என்றால் மோட்டார் போகும், பெல்ட் தேயும். வார்ப்பிரும்பு பிளேட்டில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? துருவா, வினிகரில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து எண்ணெய் பூசினால் போயிற்று. ஆனால் மேலே எழுதியிருக்கும் கிலோவை அப்படியே நம்பாமல் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நிதானம் வேண்டியது பிளேட் மாட்டும் ராடுக்குத்தான். பளுதூக்கும் போட்டியில் ஆண்களுக்கான ராடு 20 கிலோ. விட்டம் பிடிக்கும் இடத்தில் 28 மில்லிமீட்டர், பிளேட் மாட்டும் முனையில் 50. அந்த முனை தனியே சுழலும். பாரத்தை வெடுக்கென்று தோளுக்கு ஏற்றும்போது தண்டு கையோடு திரும்ப, பிளேட்டுகள் திரும்பாமல் நிற்பதால்தான் மணிக்கட்டு தப்பிக்கிறது. என்ன அருமையான யோசனை! ராடை ஸ்டாண்டில் வைத்துத் தண்டைச் சுழற்றுங்கள். வளைந்திருந்தால் முனைகள் ஆடும், அதை வாங்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கைப்பிடியின் சொரசொரப்பு. குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய சின்னச் சின்ன வைர வடிவங்கள், இடுக்கில் இறுகிப்போன வெள்ளைச் சாக் பொடி. பலர் பிடித்துப் பிடித்து முனை மழுங்கிய அந்த வெட்டு, புது ராடைவிட உள்ளங்கைக்கு இதமாக இருக்கும்.

பெஞ்ச் வாங்கினால் குப்புறக் கவிழ்த்து வெல்டிங்கைப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் விலையே பேச வேண்டாம்.