மிளகு மணக்கும் திராட்சை

மிளகைத் தட்டியதும் எழும் அதே மணம் இத்தாலியச் சிவப்பு ஒயின் ஒன்றிலும் வீசுகிறது. ஸ்கியோப்பெட்டினோ என்னும் கருந்திராட்சையில் செய்வது அது. ரோட்டண்டோன் என்ற சேர்மம்தான் இரண்டுக்கும் பொது. ஸ்லோவேனிய எல்லையோரத்தில், ஃப்ரியூலியின் பிரெபோட்டோ வட்டாரம் இதன் தாயகம். வேர்ப்பேன் தாக்குதலுக்குப் பின் இந்தக் கொடி அருகிப்போனது. 1970-களில் பயிரிட அனுமதித்த ரகங்களின் பட்டியலில்கூட அது இடம்பெறவில்லை. அங்குள்ள சால்லா என்னும் ஊரின் ரபுட்ஸி குடும்பம் எஞ்சிய கொடிகளைத் தேடிப் பிடித்து நட்டது. நொனினோ என்னும் மற்றொரு குடும்பம் நிறுவிய விருது 1976-இல் அந்த முயற்சியைத் தாங்கிப் பிடித்தது. அனுமதி பிறகுதான் வந்தது. இந்தத் திராட்சையைக் காத்தது பழம்பெருமை அல்ல. வேறெதிலும் கிடைக்காத ருசியும், அதைச் சொந்தப் பெயரிலேயே விற்ற துணிவும்தான்.

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒயினைப் புகழலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்தச் சாராயப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது, யார் காய்ச்சியது என்பது குடித்தவருக்குத் தெரியாது. இந்த ஒயின் புட்டியிலோ திராட்சையும் ஊரும் ஆண்டும் எழுதியிருக்கின்றன. புகழ்வது போதையை அல்ல, அந்தப் பொறுப்பை. அதற்கு மதுவே தேவையில்லை. கச்சிராயபாளையத்துக்கு மேலே கல்வராயன் மலையில் விளையும் சாமை, கடைக்கு வரும்போது வெறும் ‘சிறுதானியம்’ ஆகிவிடுகிறது. ரகமும் மலையும் பையில் அச்சானால், வாங்குபவர் ருசியைப் பெயர் சொல்லிக் கேட்பார். விளைவிப்பவர் விலையைக் கேட்கலாம்.