கல் எடுத்தவர்களும் கை கொடாதவர்களும்

கண்ணகியைப் பற்றி நம்மவர் பேசாத மேடை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்திலாயினும் கிள்ளான் கோயில் திடலிலாயினும் இலக்கிய விழா என்றால் அவள் வந்தே தீருவாள். கற்பரசி என்பார் ஒருவர். வீரத்தாய் என்பார் மற்றொருவர். மாதவியினும் சிறந்தவளா என்று வழக்காடிக் கைதட்டல் பெறுவார் வேறொருவர். ஆங்கிலப் பள்ளியிற் படித்த குறையால், யான் சிலப்பதிகார மூலத்தை முப்பது வயதுக்கு மேல்தான் கையில் எடுத்தேன். படித்து முடித்தபின் எழுந்த ஓர் ஐயத்தை நேயர்கள் முன் வைக்கத் துணிகின்றேன். கண்ணகி மதுரையில் அநீதிக்கு ஆளானபோது, அரண்மனை வாயில்வரை அவளுடன் நடந்தவர் யார்?

மதுரைக் காண்டத்தை ஊன்றிப் படியுங்கள். ஆயர் மூதாட்டி மாதரி அடைக்கலம் தந்தாள். அவள் மகள் ஐயை ஏவல் செய்தாள். கொலைச் செய்தியைக் கொண்டு வந்த ஆய்ச்சி அதைச் சொல்ல நாவெழாமல் நின்றாள். இவர்கள் அன்பிற் குறையில்லை. பின்னர் ஊர்சூழ்வரியில் நகர மாந்தர் திரளாகக் கூடினர். அரசன் நீதி தவறிற்றே என்று புலம்பினர். இவள் மானிடப் பெண்தானோ என்று அஞ்சினர். கணவன் வெட்டுண்டு கிடந்த இடத்தையும் காட்டினர். அவ்வளவே. கோவலன் கள்வன் அல்லன் என்று அவளோடு சேர்ந்து கேட்க ஒருவரும் எழவில்லை. அழுத கண்கள் ஆயிரம். அவைக்கு நடந்த கால்கள் இரண்டே.

தனிமையே அக்காட்சியின் பெருமை, துணைக்கு நான்கு பேர் சென்றிருந்தால் காவியச்சுவை கெட்டிருக்கும் என்று புலவர்கள் கூறலாம். சுவை கெடும் என்பதை யானும் ஒப்புகின்றேன். ஆனால் இளங்கோவடிகள் அத்தனிமையைக் கண்டு மகிழ்ந்தவரல்லர். கணவன் உடலருகே நின்று கண்ணகி கேட்கும் கேள்வியை நோக்குக. இவ்வூரில் பெண்கள் இருக்கின்றனரா, சான்றோர் இருக்கின்றனரா, தெய்வமும் இருக்கின்றதா என்று அவள் வினவுகின்றாள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெண்கள், அடுத்துச் சான்றோர், தெய்வம் கடைசியில். அது வானத்தை நோக்கிய கேள்வியன்று. தெருவில் நின்றவர்களை நோக்கிய கேள்வி.

அக்கேள்விக்குக் கிடைத்த விடை யாது? சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து சிலை எடுத்தான். கொற்கையில் வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். குற்றம் செய்தவன் ஒருவன். உயிர் விட்டவர் ஆயிரவர். அவர்களுடைய மனைவியர் எத்தனை கண்ணகிகளோ! ஆக, துன்புற்றவளுக்கு நாம் அறிந்த கைம்மாறு இரண்டே: வழிபடுதல், பழிவாங்குதல். 1892ல் உ.வே. சாமிநாதையர் பதிப்பு வெளிவந்தது முதல் எத்தனையோ உரைகள் தோன்றிவிட்டன. மேடைகளில் மூன்றாம் கேள்விக்கே விடை சொல்கின்றோம். முதலிரண்டும் இன்னும் தெருவில் நிற்கின்றன.

நிற்க. பிறரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிடுகின்றேன். யான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மாள், சம்பள நாளன்று பட்டணம் சென்று திரும்புகையில், மோட்டார்சைக்கிளில் வந்த இருவர் அவர் தாலியை அறுத்துச் சென்றனர். கீழே விழுந்ததில் கை முறிந்தது. “கிராணி ஐயா, ஒரு கடிதாசி எழுதிக் கொடுங்க” என்றார், எழுதிக் கொடுத்தேன். “கூட வாங்க ஐயா” என்றார்; செக்ரோல் முடிக்க வேண்டும் என்றேன். ஒருவன் பிடிபட்டான். சாட்சி சொல்ல அவ்வம்மாள் இருமுறை தனியே நீதிமன்றம் சென்றார். இருமுறையும் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஏன் என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்வாரில்லை. கூலியும் போயிற்று. மூன்றாம் முறை அவர் போகவில்லை. அவர் சென்ற இரு நாட்களிலும் செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்தவன் யானே. அன்றிரவு ஊர்சூழ்வரியை மறுபடி படித்தேன். அக்கூட்டத்தில் என் முகமும் தெரிந்தது.

உடன் நிற்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்க்கு ஒரு சான்று. 2009 ஜனவரியில் குகன் என்னும் தமிழ் இளைஞர் சுபாங் ஜெயா பகுதியில் போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதற் பிரேத பரிசோதனை. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. வழக்கறிஞர்களும் மக்களும் அவர்களோடு நின்றனர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாம் பரிசோதனை உடலெங்கும் அடிபட்ட காயங்களை வெளிப்படுத்தியது. தாயார் தொடுத்த வழக்கில் 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு விதித்தது. போன உயிர் மீளவில்லை. ஆயினும், இங்கே ஒரு தாய் அவைக்குத் தனியே நடக்கவில்லை.

பெண்கள் இருக்கின்றனரா என்ற கேள்விக்கும் இப்பள்ளத்தாக்கில் விடை பிறந்துள்ளது. 1982ல் பெண்கள் உதவி அமைப்பு, அடிபட்ட மனைவியர்க்குப் புகலிடம் திறந்தது. பெண்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாகக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994ல் நிறைவேறி 1996ல் நடைமுறைக்கு வந்தது. வன்முறைக்கு ஆளானவர் மருத்துவர், போலீஸ், ஆலோசகர் என்று ஒவ்வொருவரையும் தேடி அலையாமல் ஓரிடத்திலேயே உதவி பெறும் பிரிவு, 1994ல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் பரவியது. குற்றவாளிக்குத் தண்டனை விதிக்குமுன், பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ கேட்டுக்கொண்டால், தம் துன்பத்தை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183அ பிரிவு இடந்தருகின்றது. வழக்குரை காதையில் சிலம்பை உடைத்துப் பெற வேண்டியிருந்த உரிமையில் ஒரு பங்கு, இன்று சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. அதை ஏழைப் பெண்ணுக்குச் சொல்லும் வாய்தான் இல்லை.

அந்த வாய் நமக்கு வேண்டும். மலாயும் ஆங்கிலமும் அறிந்த கிராணிகள், ஆசிரியர்கள், சங்கச் செயலாளர்கள் நம்மிடையே உளர். புகாரின் நகலைக் கேட்டு வாங்குதல், மருத்துவச் சான்றைப் பத்திரப்படுத்துதல், வழக்கு நாளன்று பக்கத்தில் உட்கார்ந்து நடப்பதைத் தமிழில் சொல்லுதல், போன கூலிக்கு நால்வர் சேர்ந்து ஈடு செய்தல்: இவற்றிற்குப் புலமையோ பெருஞ்செல்வமோ வேண்டியதில்லை. அரை நாள் விடுப்புப் போதும்.

அடுத்த இலக்கிய விழாவிலும் கண்ணகியைப் பாடுவோம், தடையில்லை. ஆனால் மாலையை அவள் படத்துக்குச் சூட்டுமுன், இவ்வாரம் நம் லயத்திலிருந்தோ அடுக்குமாடியிலிருந்தோ தனியே நீதிமன்றம் போகும் அம்மாள் யார் என்று விசாரிப்போம். யான் விசாரித்துவிட்டேன். வருகிற வழக்கு நாளுக்கு விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.